வீட்டில் மட்டும் டை கட்டாயம்

இனிமேல் டை கட்டாயமில்லை என்று அலுவலகத்தில் சுற்றறிக்கை வந்த அன்று, கணக்குப் பிரிவே துள்ளிக் குதித்தது. ஒருவர் தன் டையை மின்விசிறியில் மாட்டிச் சுற்றவிட்டார். அவன் மட்டும் இழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்தபடியே ஒரு மாபெரும் முடிவும் எடுத்தான். உயிரே போனாலும் இந்தச் செய்தி மனைவி காதுக்குப் போகக்கூடாது.

காரணம் இருந்தது. குடும்பத்தின் முதல் பட்டதாரி அவன். அவன் பரம்பரையில் யாரும் கழுத்தில் துண்டைத் தவிர வேறெதையும் போட்டதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பாம்பைப் பிடித்தவன் போல டையைப் பிடித்துக்கொண்டு நின்றவனைக் காப்பாற்றியவள் மனைவிதான். மழலையர் பள்ளி ஆசிரியை. தினமும் ஒரு வகுப்புக்கே டை கட்டிவிடுகிற கை.

"தாடையைத் தூக்குங்க. ஆடாதீங்க. மூச்சு விடலாம், தப்பில்லை."

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் ஓடுகிற வீட்டில், அவள் அவன் முகத்தை நின்று பார்க்கிற நேரம் அது ஒன்றுதான். அதை ஒரு சுற்றறிக்கைக்குப் பறிகொடுக்க அவனுக்கு மனமில்லை.

ஆகவே காலையில் டையோடு கிளம்பினான். அலுவலக லிஃப்டில் தலைவழியாக உருவிப் பைக்குள் போட்டான். மாலையில் அதே லிஃப்டில், முடிச்சு கலையாமல் தலைவழியாக மாட்டிக்கொண்டு வீடு திரும்பினான். திட்டம் அருமையாக ஓடியது, லிஃப்ட் பழுதாகும் வரை. அன்று படியேறிய மூச்சிரைப்பில் டையைக் கழற்ற மறந்துபோனான்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் டையை உருவி நாற்காலியில் வீசினான்.

"என்னாச்சுங்க? முகம் ஏன் இப்படித் தொங்குது?"

"ஆபீஸ்ல என்னை இன்டர்வியூ பண்ணிட்டாங்க."

"அங்கதானே வேலை பாக்குறீங்க?"

"செக்யூரிட்டி புது ஆளு. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் உட்கார வெச்சுட்டான். உள்ளே இருந்த மேடமும் புதுசு. இந்த வேலை உங்களுக்கு எதுக்குன்னு கேட்டாங்க."

"எந்திரிச்சு வர வேண்டியதுதானே?"

"கேள்வி கேட்டா பதில் சொல்லாம எப்படி வர்றது?"

"சரி, என்ன சொன்னாங்க?"

"தகுதி போதாதாம்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"உங்களைப் பாத்தா வேலை தேடி வந்தவர்னு எப்படித் தோணுச்சு?"

"டை கட்டியிருந்தேன்ல. இப்பல்லாம் அங்க டை கட்டுறது இன்டர்வியூவுக்கு வர்றவங்க மட்டும்..."

நாக்கைக் கடித்துக்கொண்டான். வலித்ததே தவிர, போன வார்த்தை திரும்பவில்லை. வேறு வழியின்றி லிஃப்ட், பை எல்லாவற்றையும் ஒப்பித்தான்.

"கோபமா?"

"எனக்கு எப்பவோ தெரியும்ங்க."

"எப்படி?"

"உங்க டை தினமும் டீ குடிச்சுட்டு வரும். கொஞ்ச நாளா ஒரு கறைகூட இல்லாம பட்டினியா வருது."

தெரிந்துமா கட்டிவிட்டாள்! பள்ளிக்கு நேரமாகிற அவசரத்திலும், யாருக்கும் வேண்டாத டையை! இப்படி ஒருத்தி கிடைக்க என்ன புண்ணியம் செய்தானோ.

"என்மேல அவ்வளவு பிரியமா?"

"அதுவும்தான். ஆனா முடிச்சு என் கையில இருக்கிறப்ப நீங்க எதுக்கும் மாட்டேன்னு சொல்றதில்லை. பாத்திரம் கழுவுறது, துணி மடிக்கிறது, தண்ணித் தொட்டி தேய்க்கிறது... எல்லாம் அப்ப வாங்கின சம்மதம்தானே?"

யோசித்துப் பார்த்தான். ஒன்றுகூட விடாமல் உண்மை. ஆனாலும் கோபம் வரவில்லை. கோபப்படத் தெரிந்தவன் இன்டர்வியூவிலேயே பட்டிருப்பான்.

"நாளைக்கும் கட்டிவிடுவியா?"

"கட்டிவிடாம?" பக்கத்தில் வந்து அவன் காலரை நீவிவிட்டாள். முகத்தை நின்று பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை பரணைச் சுத்தம் பண்ணிடுறீங்களா?"

"சரிம்மா" என்றான்.

சொன்ன பிறகுதான் கவனித்தான், கழுத்தில் டையே இல்லை.