தலைகீழாகக் காய்த்த வாழை

மார்ச் மாதம் முதல் செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டு வாழை காய்த்தது. காய்த்தது மட்டுமா, அன்றைக்கே பழுத்தும்விட்டது. திங்கட்கிழமை சாயங்காலம் நான் தண்ணீர் ஊற்றப் போனபோது இலையைத் தவிர ஒன்றுமில்லாமல் நின்ற மரம். செவ்வாய் காலையில் ஆறு பழம். ஆறும் நல்ல மஞ்சள். ஒன்றில்கூட ஒரு கரும்புள்ளி கிடையாது.

சேதி கொண்டுவந்தவர் என் வீட்டுக்காரர் டோர்ஃபி. நான் நாலு வயசு லோவாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"யோருன், பதறாதே. மரம் காய்ச்சிருச்சு."

"நேத்து ஒண்ணையும் காணோமே."

"வாழை அப்படித்தான். சொல்லிக்கிட்டுச் செய்யாது."

சமையலறைக் கதவைத் திறந்தால் கண்ணாடி வீடு. வெளியே முழங்கால் அளவு பனி. அந்தப் பனியில், சுவரோரம், எட்டு மாசப் பையன் தள்ளுவண்டியில் தூங்கிக்கொண்டிருந்தான், ஊரில் எல்லாக் குழந்தையும் தூங்குவது போல. வாழை மட்டும் உள்ளே, சுடுநீர்க் குழாய்க்குப் பக்கத்தில், வேர்த்துக்கொண்டு நின்றது. எங்கள் வீட்டில் யார் செல்லப்பிள்ளை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

போய்ப் பார்த்தேன். ஓர் இலைக்காம்பில் பச்சைத் தூண்டில் நரம்பு. அந்த நரம்பில் ஆறு பழம், நுனி தரையைப் பார்க்க, பசுவின் மடிக்காம்பு மாதிரி தொங்கின.

நான் சிரிக்கவில்லை. இதை என் வாழ்க்கையின் பெரிய சாதனைகளில் ஒன்றாகச் சொல்லிக்கொள்வேன்.

அவர் ஏன் இதைச் செய்தார் என்று எனக்குத் தெரியும். புது வருஷம் பிறந்ததும் நான் ஒரு கெடு வைத்திருந்தேன். ஏப்ரலில் எங்கள் ஊர் கொண்டாடும் கோடையின் முதல் நாளுக்குள் வாழை காய்க்க வேண்டும். இல்லாவிட்டால் மரம் வெளியே, என் துணிக்கொடி உள்ளே. எங்கள் ஐஸ்லாந்துக் கடற்கரையில் துணி காயப்போடுவது என்றால் துணிக்கு விடை கொடுத்து அனுப்புவது என்று அர்த்தம். அக்டோபரில் பறந்த என் மெத்தை உறை, கடல்நீரைத் தாண்டி எதிர்க்கரை ஆட்டுக்கொட்டகையில் கிடைத்தது. இரண்டு குழந்தைத் துணியையும் சமையலறையில் நாற்காலி நாற்காலியாக உலர்த்திக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் நாலு வருஷமாக ஒரு மரம், வீட்டிலேயே கதகதப்பான இடத்தைப் பிடித்துக்கொண்டு, சும்மா இலை விட்டுக்கொண்டிருந்தது.

"காய்க்கும்" என்று அன்றைக்கு அவர் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். "காய்ச்சா?"

"காய்ச்சா நான் வெட்ட மாட்டேன்" என்று கை குலுக்கினேன்.

டோர்ஃபி நல்ல மனுஷன். மலைச்சாலையில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறார். ஆளை மூடும் பனிப்புயலில்கூட அசையாதவர், அந்த வாழையில் ஓர் இலை ஓரம் கருகினால் இரண்டு நாள் சாப்பாட்டில் மனசு வைக்க மாட்டார். ஆனால் பாவம், வாழைப்பழம் கப்பலில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும் ஊரில் பிறந்தவர். கடையில் கொக்கியில் தொங்கும்போது எப்படித் தொங்குமோ அப்படித்தான் மரத்திலும் தொங்கும் என்பது அவர் கணக்கு. ஊர் முழுக்க அதே கணக்குத்தான்.

மாரிசெல் மட்டும் வேறு. மீன் வெட்டும் கூடத்தில் என் பக்கத்து மேஜைக்காரி. பிலிப்பைன்ஸில் அவள் அப்பா வீட்டுக்குப் பின்னால் வாழை களை மாதிரி முளைக்குமாம். அன்று மத்தியானம் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தவள் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்து முடிக்க ஒரு காபி நேரம் ஆனது.

"யோருன், வாழைக்காய் வானத்தைப் பார்க்கும். இது தரையில எதையோ தொலைச்சுட்டுத் தேடுது."

பிறகு எழுந்து மரத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்தாள். சுருண்டு கிடந்த ஒரு குட்டி இலையைக் காட்டினாள். இன்னும் மூன்று வாரத்தில் நிஜப் பூவே வரப்போகிறது, உன் புருஷன் கொஞ்சம் பொறுத்திருக்கலாம் என்றாள். அவரிடம் சொல்லட்டுமா என்று கேட்டாள். நான் யோசித்தேன். வேண்டாம் என்றேன்.

ஏன் என்று கேட்டால், அடுத்த வாரமே காரணம் கிடைத்துவிட்டது.

பழம் என்றால் கறுக்கும் அல்லவா. வெள்ளிக்கிழமையே ஆறும் புள்ளி விழுந்து, ஞாயிறன்று மூஞ்சூறு நிறத்துக்கு வந்துவிட்டன. ஊர்க் கடையில் வாங்க முடியாது. அங்கே ஆறு பழம் வாங்கினால் பத்து நிமிஷத்தில் நீச்சல்குளத்துச் சுடுதொட்டியில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். ஆகவே மலை தாண்டி டவுனுக்குத்தான் போயாக வேண்டும்.

"சாலை எப்படி இருக்குன்னு ஒரு பார்வை பார்த்துட்டு வர்றேன்" என்பார், லீவு நாளில்.

"போறதுதான் போறே, டயப்பர் வாங்கிட்டு வா. கம்பளி நூல், சாம்பல் நிறம். தயிர் பெரிய டப்பா. லோவாவுக்கு மழைச்செருப்பு."

முன்பெல்லாம் கடைக்குப் போ என்றால் முதுகு பிடித்துக்கொள்ளும். இப்போது பட்டியலை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஓடினார். குற்றமுள்ள மனசு நல்ல வேலைக்காரன் என்பதை அந்த மாசம் கண்டேன். பாத்திரம் கழுவினார். பையனைக் குளிப்பாட்டினார். இந்த வருஷம் போல மலைச்சாலை சுத்தமாக இருந்ததே இல்லை என்று ஊரே மெச்சியது.

மரம்தான் தடுமாறியது. ஒரு வாரம் ஆறு பழம், மறுவாரம் ஏழு. ஒருநாள் டவுனில் பழுத்தது கிடைக்கவில்லை போலிருக்கிறது, திங்களன்று மஞ்சளாக இருந்தவை புதனன்று பச்சையாகிவிட்டன.

"டோர்ஃபி, பழம் காயாயிடுச்சே."

"குளிருக்கு."

"ஓ."

"குளிருக்குச் சில பழம் பின்னால போகும்."

பழத்தில் இருந்த ஸ்டிக்கர்களை அவர் குப்பையில் போட்டார். லோவா பொறுக்கியெடுத்துத் தன் பொம்மையின் நெற்றியில் ஒட்டினாள். பொம்மைக்கு நெற்றி போதாமல் கன்னத்துக்கும் வந்துவிட்டது. அதை அவர் கவனிக்கவே இல்லை. அவர் மனசெல்லாம் கோடையின் முதல் நாளில் இருந்தது. அன்றைக்கு ஊரையே காபிக்குக் கூப்பிட்டிருந்தார், மரத்தைக் காட்ட.

மார்ச் கடைசியில் பூ வந்தது. மாரிசெல் சொன்னபடி சரியாக மூன்று வாரம். கருஞ்சிவப்பாக, கன்றுக்குட்டித் தலை அளவுக்கு, உச்சியிலிருந்து வளைந்து தொங்கியது. நான் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு உள்ளுக்குள் துள்ளினேன். நாலு வருஷம் அந்த மரத்தைத் திட்டியிருக்கிறேன். என்றாலும் அழுகைகூட வரப்பார்த்தது.

அப்போது அவரும் அதைப் பார்த்தார். மரத்தைச் சுற்றி வந்தார். கிட்டப் போய் முகர்ந்தார். கட்டி என்றே முடிவு செய்துவிட்டார் என்று இங்கிருந்தே தெரிந்தது. நோய்பிடித்த மரம் என்று நான் கண்டால் கெடுவரைகூடக் காத்திருக்க மாட்டேன் என்ற பயம். உள்ளே வந்தார், என்னைப் பார்க்காமல் ரொட்டிக் கத்தியை எடுத்துக்கொண்டு போனார்.

சத்தம் போட்டால் எல்லாம் வெளியே வரும். சும்மா இருந்தால் நாலு வருஷப் பூ தரையில் விழும். அவர் ஏணி வைத்து இரண்டாம் படி ஏறுவதற்குள், வண்டியில் தூங்கிக்கொண்டிருந்த பையனை அள்ளிக்கொண்டு கண்ணாடி வீட்டுக்குள் போனேன்.

"இவனைக் கொஞ்சம் பிடி."

"ஒரு நிமிஷம் யோருன், ஒரு காஞ்ச இலை..."

"கை ஒழியலை, பிடி."

ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு மரம் வெட்ட எந்த அப்பனாலும் முடியாது. கத்தியை நான் வாங்கிக்கொண்டேன். உள்ளே வந்து வீட்டிலிருந்த கத்தி, அரிவாள், ரம்பம், ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கத்தரிக்கோல் எல்லாவற்றையும் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் தள்ளினேன். அந்த இடத்தை அவர் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. அதன்பிறகு மூன்று வாரம் எங்கள் வீட்டில் ரொட்டியைப் பிய்த்துத்தான் தின்றோம். கத்தியைக் காணோமே என்பார். எதற்கு என்பேன். சும்மாதான் என்பார். அத்தோடு பேச்சு முடியும்.

வெட்ட வழியில்லாமல், நான் பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரை அந்தக் கட்டிமேல் போர்த்திவிட்டார். மரத்துக்குக் குளிருகிறதாம். அந்தச் சூட்டில் நான் கையில்லாத சட்டையோடு நின்றுகொண்டு, ஆமாம், பாவம் என்றேன்.

ஏப்ரல் நடுவில் ஒரு மத்தியானம், உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்.

"யோருன், பொதுவா கேக்குறேன். ஒரு மரம் தலைகீழா காய்க்குமா?"

"எந்த மரம்?"

"பொதுவா."

"என்ன, வேர்ல காய்க்குதா?"

"இல்ல. காய் மேல பார்க்குது. பார்க்குற மாதிரி ஒரு மரம். கேள்விப்பட்டேன்."

மறுநாள் ஸ்வெட்டரைத் தூக்கிப் பார்த்தேன். மூன்று சீப்பு, பென்சில் கனத்தில் பச்சைப் பிஞ்சு, அழகாக வானத்தைப் பார்த்துக்கொண்டு. ஒவ்வொரு பிஞ்சின் நுனியிலும் ஒரு தூண்டில் ஈயக்குண்டு கட்டியிருந்தது, கீழே வளைக்க. உட்கார்ந்து ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். அவர் மறுபடி கட்டினார். நான் மறுபடி அவிழ்த்தேன். இருவரும் இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கோடையின் முதல் நாள் வந்தது. வழக்கம்போல பனி தூறியது. பதினாறு பேர் கண்ணாடி வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு காபி குடித்தார்கள். பான்கேக்கில் க்ரீம் உருகி ஓடியது. இலைக்காம்பில் ஆறு பழம், அன்று காலை வந்தவை, பளபளத்தன. டோர்ஃபி தலை சீவி, கழுத்துப்பட்டை கட்டி, பொறுமையும் சுடுநீரும் இருந்தால் எதுவும் விளையும் என்று பேசிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு கெஸ்துர் குறுக்கே கேட்டார்.

"அதெல்லாம் சரிப்பா. மரத்துக்கு எதுக்கு ஸ்வெட்டர்?"

"குளிருக்கு."

"நானே இங்க வந்து சட்டையைக் கழட்டிட்டேன்."

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். லோவாவுக்குத் தொங்குகிற எதையும் இழுக்காமல் இருக்க முடியாது. நாற்காலி மேல் ஏறி ஸ்வெட்டர் கையைப் பிடித்து ஓர் இழு இழுத்தாள். அது கெஸ்துர் தலையில் வந்து விழுந்தது.

குலை தெரிந்தது. டோர்ஃபி அவசரமாக, "அது ஒரு வியாதி. பரவாது" என்றார்.

மாரிசெல் கைதட்டினாள். வியாதி இல்லை, இதுதான் வாழைக்குலை, காய் இப்படித்தான் மேலே பார்க்கும், இந்த ஊரில் இதை முதன்முதலில் விளைவித்தது டோர்ஃபிதான் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். பதினாறு தலையும் மெதுவாகத் திரும்பி, தரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆறு மஞ்சள் பழத்துக்கு வந்தன. கெஸ்துர் ஒன்றைத் தொட்டார். அது நரம்போடு கையில் வந்துவிட்டது.

"அப்ப இது?"

என் வீட்டுக்காரர் பழத்தைப் பார்த்தார். குலையைப் பார்த்தார். என்னையும் ஒரு தரம் பார்த்தார். நான் காபி ஊற்றப் போய்விட்டேன்.

"அது மரத்துக்கு" என்றார். "பார்த்துக் கத்துக்கட்டும்னு கட்டி வெச்சேன்."

கெஸ்துர் மெல்லத் தலையாட்டி, நல்ல யோசனைதான், கத்துக்கிச்சே என்றார். ஊரே தலையாட்டியது. அடுத்த அரை மணி நேரத்தில் என் வீட்டுக்காரர் ஒரு முழம் வளர்ந்துவிட்டார். நான் தடுக்கவில்லை. அந்த நாளுக்காக நாலு வருஷம் காத்திருந்தது அவர் மட்டுமில்லை.

எல்லாரும் போனபிறகு தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். மாரிசெல் மிச்சமிருந்த பான்கேக்கைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஜெயிச்சேன்ல?" என்றார் டோர்ஃபி. "காய்ச்சிருச்சு. மரம் இனி இங்கதான். அடுத்த வருஷம் எத்தனை குலை வரும், மாரிசெல்?"

"இந்த மரத்துலயா? ஒண்ணும் வராது. வாழை ஒரு தடவைதான் குலை தள்ளும். இலையுதிர்காலத்துல குலையை இறக்கிட்டு மரத்தையும் வெட்டிடணும். கன்று வேணா வெச்சுக்கலாம்."

அவர் கையிலிருந்த தட்டு அப்படியே நின்றது. என் பக்கம் திரும்பினார்.

"நீ வாக்கு கொடுத்திருக்கே. காய்ச்சா வெட்ட மாட்டேன்னு."

"ஆமா, நான் வெட்ட மாட்டேன். நீதான் வெட்டுவே."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பாவமாகத்தான் இருந்தது. ஒரு கன்றைத் துணிக்கொடிக்குக் கீழே மூலையில் விட்டுவைப்பதாக எப்போதோ முடிவு செய்திருந்தேன். அதைச் சொல்ல வாயெடுக்கும்போது, அவர் மெதுவாகக் கேட்டார்.

"காய்ச்சா வெட்டணும்னு உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"நான் கெடு வெச்சதுக்கு முந்தின நாள்லேருந்து."