பனிவீட்டு நரிக்கு வளை கொடுத்த முயல்

ஒரு காட்டில் மூக்கையன் என்றொரு முயல் தன் மனைவி பேச்சியோடும் குட்டிகளோடும் வாழ்ந்து வந்தது. எவ்வளவு மழை பெய்தாலும் ஒரு சொட்டுகூட இறங்காத வளை அதனுடையது. தானே தோண்டிய வளை என்று கேட்டவர்களிடம் பெருமையாகச் சொல்லும். கேட்காதவர்களிடமும் சொல்லும்.

ஒருநாள் ஞானசுந்தரம் என்ற நரி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தது. பின்னால் கேமராவைச் சுமந்தபடி ஒரு கழுதை.

"அண்ணே, ரஷ்யாவிலே ஒரு பழங்கதை. நரிக்குப் பனிக்கட்டி வீடு, முயலுக்கு மரவீடு. வெயில் வந்ததும் நரி வீடு உருகிடுது. நரி முயல் வீட்டுக்குள்ளே புகுந்துக்கிட்டு முயலைத் துரத்திடுது. கடைசியிலே ஒரு சேவல் வந்து நரியை விரட்டுது. இதைக் குடும்பத்தோட பார்க்கிற மாயாஜாலப் படமா எடுக்கறேன். உங்க வளையைக் கொஞ்ச நாளைக்குக் குடுங்க."

மூக்கையனுக்குக் கதையின் முடிவு மிகவும் பிடித்துப்போயிற்று. "நரியா நடிக்கிறது யாரு?"

"நானேதான்."

"நரிக்கு வீட்டைக் குடுத்த முயல் எங்கேயாவது உண்டா?" என்றது பேச்சி.

"இது கதைடி" என்றது மூக்கையன்.

முயல் குடும்பம் புதருக்குப் போயிற்று. இலவம்பஞ்சைப் பிய்த்துத் தூவிப் பனி பெய்ய வைத்தார்கள். சேவல் வேடத்துக்குக் கொண்டையப்பன் என்ற நிஜச் சேவலே வந்தது. முதல் நாள் மத்தியானத்துக்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. அன்றைக்குச் சாப்பாடு பிரமாதம் என்று நரி மட்டும் சொன்னது.

"சேவல் இல்லாமல் கதை எப்படி முடியும்?" என்று மூக்கையன் கேட்டது.

"முடிவை மாத்திட்டேன்ணே. ரஷ்யா முடிவு நம்ம ஜனங்களுக்கு ஒத்துவராது."

படப்பிடிப்பு முடிந்தது. கழுதை போயிற்று. நரி போகவில்லை. மழைக்காலம் வந்தது. புதர் ஒழுகியது. கடைக்குட்டிக்கு இருமல் பிடித்துக்கொண்டது. மூக்கையன் வளை வாசலில் நனைந்தபடி நின்று கெஞ்சியது. "டப்பிங் வேலை நடக்குது, சத்தம் போடாதீங்க" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

மூக்கையன் சிங்கராஜாவிடம் போய் முறையிட்டது. சிங்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னது.

"படத்தை எனக்கு முதல்லயே போட்டுக் காட்டிட்டான். இந்த வயசுல என்னை அழ வச்சுட்டான்யா. நீயும் குடும்பத்தோட போய்ப் பாரு. அப்புறம் வழக்கைப் பேசுவோம்."

போனார்கள். திரையில் வீடு உருகிப்போன ஏழை நரி ஒன்று பனியில் நடுங்கியபடி கதவைத் தட்டியது. கொழுத்த முயலொன்று கதவைத் திறந்து, சிரித்துவிட்டு, மறுபடியும் சாத்தியது. பின்னணியில் ஒரு குயில் உருகி உருகிப் பாடியது. யானைகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு அழுதன. பேச்சிகூட முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

மடியில் இருந்த கடைக்குட்டி இருமலுக்கு நடுவே விம்மியது. "அப்பா, அந்த நரி பாவம்ப்பா. நம்ம வீட்டை அதுக்குக் குடுத்துடலாம்ப்பா."

மூக்கையன் குட்டியின் முதுகைத் தடவிக் கொடுத்தது. தானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டது.

"குடுத்தாச்சு, கண்ணு" என்றது.

நீதி: பிறர் வீட்டில் குடியேற நினைப்பவர் முதலில் நல்ல பாட்டுக்காரரைப் பிடிக்க வேண்டும், பூட்டுக்காரரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.