கேக்கில் ஏறாத பெயர்

"கேக் மேல ஆழின்னு எழுதிடுங்க மாஸ்டர்" என்று வந்தவர் சொன்னதும், மாஸ்டரின் கையில் இருந்த கிரீம் பை அப்படியே நின்றுவிட்டது.

பிரசவ ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் பேக்கரி அது. பிள்ளையோடு வீடு திரும்புகிறவர்கள் கேக் வாங்கிப் போவார்கள். அதில் பெயர் எழுதி எழுதியே, எந்தப் பெயருக்கு எப்போது மவுசு வருகிறது, எப்போது போகிறது என்று மாஸ்டருக்கு அத்துப்படி.

படிக்கிற காலத்தில் மாஸ்டரின் பெயர் வகுப்பில் நாலு பேருக்கு இருந்தது. வாத்தியார் கூப்பிட்டால் நாலு பேரும் எழுந்திருப்பார்கள். பெரும்பாலும் இவரைத்தான் "நீ இல்லடா, உட்காரு" என்பார். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. பிறக்கப்போகும் தன் பிள்ளைக்கு, இதுவரை ஒரு கேக்கிலும் எழுதாத பெயர்தான் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஆணானாலும் பெண்ணானாலும் பொருந்தவும் வேண்டும். தேடித் தேடிப் பிடித்தது ஆழி. கடல் என்று பொருள். எதிர் ஆஸ்பத்திரியின் வரவேற்பறையில் வேலை பார்க்கும் அவர் மனைவி வேறொரு பெயர் சொன்னாள். அந்த வாரமே அதை மூன்று கேக்கில் எழுதியிருந்ததால் இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது ஆழிக்கு ஆள் வந்துவிட்டது. முளையிலேயே கிள்ளிவிட நினைத்த மாஸ்டர், குழந்தை பையன்தான் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"அது பொம்பளப் பேராச்சே சார். அந்தக் காலத்துல ஆழின்னு ஒரு ராணி இருந்தா" என்று வாய்க்கு வந்ததை அடித்துவிட்டார். வந்தவர் மிரண்டு, வெறும் கேக்கோடு போனார்.

அடுத்த வாரம் வரிசையாகப் பெண் குழந்தைகளுக்கு ஆழி. ராணியின் பெயராம்.

மாஸ்டர் பேச்சை மாற்றினார். ஆழி என்பது ஒரு முரட்டுத் தளபதியின் பெயர், மீசையே ஒரு முழம் இருக்குமாம் என்று ஒரு தாயிடம் சொல்லிப் பார்த்தார். அப்படியானால் மகள் தைரியமாக வளருவாள் என்று அவள் பூரித்துப்போய், எழுத்தைப் பெரிதாகப் போடச் சொன்னாள். விஷயம் தெரிந்து, பையன் பிறந்த வீட்டுக்காரர்களும் ஆழி கேட்டுத் திரும்பி வந்தார்கள்.

வேண்டுமென்றே கோணல்மாணலாக எழுதினார். கடல் அலை மாதிரி இருக்கிறது என்று படம் எடுத்து ஊரெல்லாம் அனுப்பினார்கள்.

கடைசியில் ஒருவர் மாஸ்டருக்கே வரலாற்றுப் பாடம் எடுத்தார். ராணி ஆழி மீசை ஒட்டிக்கொண்டு, தளபதி வேஷத்தில் போருக்குப் போனாளாம். அவர் சொன்ன தோரணையைப் பார்த்து, இதை நாம்தான் கட்டிவிட்டோமா, நிஜமாகவே நடந்ததா என்று மாஸ்டருக்கே தலை சுற்றியது.

அன்று வீட்டுக்கு வந்த மாஸ்டருக்கு அழுகையே வந்துவிட்டது. "நான் யார்கிட்டயும் மூச்சு விடலையே. எப்படி எல்லாருக்கும் இதே பேரு தோணுது?"

"காலம் அப்படிங்க" என்று மனைவி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

மாஸ்டர் யோசித்துப் பார்த்தார். எல்லோரும் ஆழி பின்னால் ஓடியதில், அவள் சொன்ன பெயரை இப்போது சீந்துவாரில்லை. அதையே வைத்துவிடலாம் என்றார். உங்கள் இஷ்டம் என்று அவள் பெரிய மனதோடு ஒப்புக்கொண்டாள்.

மறுநாள், பேத்தி பிறந்த பெரியவர் ஒருவர் வந்து ஆழிக்குக் கேக் கேட்டார். மாஸ்டர் எதிர்ப்பே காட்டாமல் எழுதி முடித்தார். இந்தப் பெயர் எங்கே கிடைத்தது என்று மட்டும் ஆற்றாமையோடு கேட்டார்.

"எதிர்ல ரிசப்ஷன்ல மாசமா இருக்கிற பொண்ணு ஒண்ணு உக்காந்திருக்கே, அதுதான் தம்பி, போறவர்றவங்ககிட்டல்லாம் கெஞ்சுது, 'எங்க வீட்டுக்காரர் கையால இன்னும் நாலு கேக்குல எழுதிட்டா இந்தப் பேரை விட்டுருவாரு, கொஞ்சம் தயவு பண்ணுங்க'ன்னு."