முழுவிபரம் அண்ணையின் மீன் வழக்கு

லண்டனில் பொய் சொல்லத் தெரியாதவர்கள் பலர் இருக்கலாம். வாயை மூடவும் தெரியாதவர் முழுவிபரம் அண்ணை ஒருவர்தான். பஸ் டிரைவர் ஒரு பேச்சுக்கு "ஆர் யூ ஓல் ரைட்?" என்று கேட்டுவிட்டால் போதும், முழங்கால் வலி தொடங்கிய நாளிலிருந்து ஆரம்பித்துவிடுவார். பின்னால் சனம் வரிசையில் நின்று முணுமுணுக்கும்.

மனோர் பார்க்கில் நாங்கள் சிலர் சேர்ந்து எடுத்த வாடகை வீட்டில் அண்ணையும் ஒருவர். அவருடைய சொந்தப் பெயர் எங்கள் யாருக்கும் ஞாபகமில்லை. பட்டம் வந்த கதையை அவரே சொல்வார். அகதி விண்ணப்பம் போட்ட காலத்தில், குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் சொன்னாராம்: "ஐசே, ஒண்டையும் ஒளியாமல் முழுவிபரமாச் சொல்லும். ஊரிலை பிடிச்சது, அடைச்சது எல்லாம்." அண்ணை சொன்னார்; விசாவும் கிடைத்தது. அன்றிலிருந்து, மேசைக்கு அந்தப் பக்கம் யார் இருந்து கேள்வி கேட்டாலும் அவருக்கு அது குரோய்டன்தான்.

வினையும் அங்கேதான் பிடித்தது. அண்ணைக்கு ஒரு பழைய வழக்கு இருந்தது. மச்சானின் கடையில் வேலை செய்தபோது வாய்த்தர்க்கம் முற்றி, உறைந்துபோன அறக்குளா மீனால் மச்சானின் தோளில் ஒன்று போட்டுவிட்டார். கோர்ட் தண்டம் விதித்தது, கட்டினார். வருடங்களும் ஓடிவிட்டன. ஆனால் எந்த இன்டர்வியூவிலும் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால், மனிதர் நேரே மீனுக்குப் போய்விடுவார். வெறும் கதை மட்டுமா? எழுந்து நின்று, குடையை மீனாகப் பிடித்து வீசியும் காட்டுவார். ஒரு பேக்கரி மனேஜர் கதிரையோடு சுவர்வரை பின்வாங்கினாராம்.

மனைவி கோபித்துக்கொண்டு மோர்டனுக்கு, அடிவாங்கிய தன் சொந்த அண்ணன் வீட்டுக்கே போய்விட்டார். "கோர்ட் ஒருக்காத்தான் தண்டம் போட்டது. நீங்கள் ஒவ்வொரு இன்டர்வியூவிலையும் என்ரை அண்ணனைத் திரும்பத் திரும்ப அடிக்கிறியள். அந்தக் கதையை விட்டிட்டு ஒரு நிரந்தர வேலை எடுங்கோ, வாறன்" என்பது அவர் சொல்லிவிட்டுப் போன வார்த்தை. தனியாளாகி எங்கள் வீட்டின் சின்ன அறைக்கு வந்த அண்ணைக்கு அதன்பிறகு சோறு இறங்கவில்லை.

நான் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தேன். எனக்குத் தெரிந்த சட்டத்தை எடுத்துச் சொன்னேன்.

"அண்ணை, இப்பிடிச் சின்னக் குற்றமெண்டால் கொஞ்சக் காலத்துக்குப் பிறகு அது ஸ்பென்ட். பெரும்பாலான வேலையளுக்கு நீங்கள் சொல்லத் தேவையில்லை. கேட்டாலும் இல்லையெண்டு சொல்லலாம்."

"ஸ்பென்ட் எண்டால் செலவழிஞ்சு போறதெல்லோ? காசு செலவழியும். குற்றம் என்னெண்டு தம்பி செலவழியும்?"

"சட்டம் அப்பிடித்தான் சொல்லுது."

"அப்ப நான் அடிக்கேல்லையோ?"

"அடிச்சனீங்கள். ஆனால் அது முடிஞ்சுது."

"ஆர் மறக்கிறது? நானோ, வேலை தாறவையோ, மச்சானோ?"

வேலைக்கு ஆள் எடுக்கிற எங்களில் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. அண்ணைக்கோ அதிசயம் தாங்கவில்லை. சமையலறையில் எந்நேரமும் இதே விசாரணைதான். பால் போத்தலைத் தூக்கித் திகதி பார்த்துவிட்டு, "பாலுக்கு விளங்குது. மீனுக்குத்தான் விளங்கேல்லை" என்பார்.

அந்த நேரத்தில்தான் ஹோட்டல் விரிப்புகள் வெளுக்கும் ஒரு லோண்டரியிலிருந்து இன்டர்வியூ வந்தது. மனேஜர் ஒரு மலேசியத் தமிழ்ப் பெண். அங்கே நடந்ததை அண்ணை அன்று பின்னேரமே எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னார். வழக்கு, பொலிஸ் என்று அந்த அம்மா ஒன்றுமே கேட்கவில்லையாம். ஒரு வார்த்தை கேட்கமாட்டாரா என்று அண்ணைக்கு ஏக்கமாகவே போய்விட்டது. எல்லாம் முடிந்து எழும்பும்போது, "வேற ஏதாச்சும் சொல்லணுமா அண்ணே?" என்றாராம்.

"தம்பி, மீன் தொண்டைக்குள்ளை வந்து நிக்குது. கை தானாக் குடையைப் பிடிச்சிட்டுது. மனிசியை நினைச்சன்."

"பிறகு?"

"ஒரு விசயம் இருக்கு, ஆனால் அது செலவழிஞ்சு போச்சு எண்டனான்."

அந்த அம்மா முதலில் விழித்தாராம். பிறகு விளங்கிச் சிரித்தாராம். "அப்ப அதை எனக்குச் சொல்ல வேணாம். திங்கக்கிழமை வந்துடுங்க. நிரந்தர வேலைதான்."

அண்ணை எங்கள் முன்னாலேயே மோர்டனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில்தான், ஒளிவுமறைவு அவரிடம் ஏது?

"வேலை கிடைச்சிட்டுதப்பா."

"மீன் கதை சொன்னியளோ?" என்றார் மனைவி.

"இல்லையப்பா. அவை கேக்கேல்லை."

அண்ணை விபரத்தைத் தொடங்க வாயெடுத்தார்; நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"அப்ப நானும் இனிக் கேக்கேல்லை" என்றது குரல். "சனிக்கிழமை வாறன்."

அண்ணை கண் நிறைந்து, போனையே பார்த்துக்கொண்டு இருந்தார். அவருடைய அறையில் ஒற்றைக் கட்டிலுக்கு மேல் ஒன்றும் கொள்ளாது. சனிக்கிழமை விடிந்ததும் என் துணிமணிகளை அள்ளிக்கொண்டு நான் அதற்குள் மாறி, என் பெரிய அறையை அவர்களுக்குக் கூட்டித் துடைத்து வைத்தேன். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.