கட்டை போடறேன், விலகுங்க

பாஸ்கெட்பால் என்ற ஆட்டம் உண்டான நாளிலிருந்து இன்றுவரை, எதிராளியின் வழியை மறிப்பதற்கு முன்னால் அவனிடமே சொல்லிவிட்டு மறித்த ஆட்டக்காரன் உலகத்தில் ஒரே ஒருவன்தான். அவன் எங்கள் காஞ்சிபுரத்துக்காரன். அறுபதுகளின் கடைசியில் என்னோடு காலேஜில் படித்தான். படித்தான் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வந்துபோனான் என்பதுதான் சரி.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதை எங்கள் ப்ரொஃபஸர்களே மறந்துபோனார்கள். ஊருக்கும் காலேஜுக்கும் அவன் முட்டுக்கட்டை, அவசரத்துக்குக் கட்டை. கேலிக்கு வைத்ததல்ல, தொழிலால் வந்தது. பங்குனியில் தேர் ஓடும்போது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிற குடும்பம் அவனுடையது. வடம் பிடித்து இழுக்க ஊரே வரும். ஆனால் தேருக்கு பிரேக்கும் ஸ்டியரிங்கும் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து நிற்கிற அந்த நாலைந்து பேர்தான். அவர்கள் நேரம் தவறிக் கட்டையைச் செருகினால், ராஜ வீதி முனையில் இருக்கிற பட்டுக் கடைக்குள் சாமி ஜவுளி எடுக்கப் போய்விடுவார்.

அந்த வீட்டில் பிள்ளைகளுக்கு முதலில் கற்றுக்கொடுப்பது அ, ஆ அல்ல. கட்டை போடுவதற்கு முன்னால் உரக்கச் சொல்ல வேண்டும்: "கட்டை போடறேன், விலகுங்க!" சொல்லாமல் போட்டால் யாருடைய காலாவது போய்விடும். சொல்லிவிட்டுப் போடாமலும் இருக்கக்கூடாது. ஒரு தரம் பொய்யாகக் கத்தினால் அடுத்த தரம் எவன் விலகுவான்?

நல்ல பழக்கம்தான். ஆனால் நம்மாள் அதைத் தேரோடு விடவில்லை. பஸ்ஸில் உட்காருவதற்கு முன்னால் "உக்கார்றேன், நகருங்க" என்பான். கல்யாணப் பந்தியில் "அப்பளம் ஒடிக்கறேன்" என்று அறிவித்துவிட்டு ஒடிப்பான். ஒருநாள் வகுப்பு நடுவே "தும்மல் வருது சார், ஒதுங்குங்க" என்றான். ப்ரொஃபஸர் அனுபவஸ்தர். சாக்பீஸைப் போட்டுவிட்டுக் கரும்பலகைக்குப் பின்னால் போய் நின்றார். அவர் போனது நல்லதாயிற்று.

இன்னொரு குணம், நின்றால் நின்றதுதான். ஒருநாள் எங்கள் தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி வைப்பார்கள், அதுதான் பாவு. நாய்கூடக் குறுக்கே போகாது. அந்த நேரம் பார்த்து ஒரு விறகு லாரி தெருவுக்குள் திரும்பியது. கட்டை எதிரே போய் நின்றான்.

"நிக்கறேன், ஓட்டாதீங்க" என்றான்.

டிரைவர் ஹார்ன் அடித்தார். அவனுடைய பரம்பரையையே திட்டினார். லாரியை அவன் மூக்குவரைக்கும் கொண்டுவந்து பார்த்தார். கடைசியில் இறங்கி, பீடி பற்றவைத்துக்கொண்டு, அவன் பக்கத்திலேயே குந்தி ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிட்டார். பாவைச் சுருட்டி எடுத்த பிறகுதான் லாரி உள்ளே போனது.

இதையெல்லாம் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர் எங்கள் காலேஜ் பி.டி. சார். பாஸ்கெட்பால் டீமுக்கு ஐந்தாவது ஆள் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்த மனிதர். "லாரிக்கே நகராதவன் மெட்ராஸ் பசங்களுக்கா நகரப்போறான்?" என்று சொல்லி, அன்றைக்கே அவனை டீமில் சேர்த்துவிட்டார்.

டீம் என்று சொன்னால் பெரிதாக ஏதும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மண் தரை. கூடை மாட்டிய கம்பங்கள் இரண்டும் காற்றடித்தால் தலையாட்டும். பனியன்களை எங்கள் தெருச் சாயக்காரர் பட்டுக்குப் போட்டு மிஞ்சிய அரக்குச் சாயத்தில் முக்கிக் கொடுத்திருந்தார். பட்டில் பிடிக்கிற சாயம் பருத்தியில் பிடிக்குமா? வேர்த்தால் கரைந்து, ஆட்டம் முடியும்போது ஐந்து பேரும் சிவப்பாக இருப்போம்.

கட்டை வந்த முதல் நாள் பந்தையே பார்க்கவில்லை, கம்பத்தைத்தான் பார்த்தான். "இன்னாபா இது, பல்லு ஆடற மாதிரி ஆடுது?" என்றான். அவனுடைய நைனாவிடம் சொல்லி, தேர்க் கொட்டகையில் கழித்துப் போட்டிருந்த மரத்துண்டுகளை வாங்கிவந்து, குழியை ஆழத் தோண்டி, அடியில் முட்டுக் கொடுத்து, இரண்டு கம்பத்தையும் நிமிர்த்தி நட்டான். அதற்கப்புறம் கம்பம் அசையவில்லை. அவன்தான் தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்து, பசுமாட்டைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி தட்டிப் பார்ப்பான். பயிற்சியில் அவன் வீசிய பந்து ஒன்றுகூடக் கூடையில் விழுந்ததில்லை. கம்பத்தில்தான் படும். உடனே பந்தை விட்டுவிட்டு, கம்பத்துக்கு ஏதாவது ஆயிற்றா என்று தடவிப் பார்ப்பான்.

பி.டி. சாரிடம் யாரோ ஒரு அமெரிக்கர் எழுதிய புத்தகம் இருந்தது. அதிலிருந்து 'பிக் அண்டு ரோல்' என்ற வித்தையை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். விஷயம் சுலபம். பந்து என் கையில், என்னை ஒருத்தன் ஒட்டிக்கொண்டே வருகிறான். கட்டை போய் அவன் வழியில் அசையாமல் நிற்க வேண்டும். நான் கட்டையை உரசிக்கொண்டு ஓடினால், துரத்துகிறவன் கட்டைமேல் மோதி நின்றுபோவான். இது பிக். உடனே கட்டைக்குக் காவலாக இருந்தவன் என்மேல் பாய்வான். அந்த நொடியில் கட்டை சுழன்று திரும்பிக் கூடைப் பக்கம் ஓட வேண்டும். நான் பந்தைக் கொடுக்க, அவன் போட வேண்டும். இது ரோல்.

நிற்பதில் அவனுக்கு ஈடு இந்தப் பூமியில் இல்லை. ஆனால் நின்ற இடத்தில் நின்றபடியே இருப்பான், ரோல் என்பதே கிடையாது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். நிற்பதற்கு முன்னால் கத்துவான்: "கட்டை போடறேன், விலகுங்க!"

"ஏன்டா கத்தறே?" என்றேன்.

"சொல்லாம எப்படிபா போடறது? ஆளு வந்து மோதிக்கினா?"

"மோதணும்னுதான்டா போடறோம்."

"அது பாவம்பா."

பி.டி. சார் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். "நீ சொன்னா அவன் விலகிடுவானேப்பா."

"விலகட்டும் சார். விலகறதுக்குத்தானே சொல்றோம்."

சார் புத்தகத்தைப் புரட்டினார். அமெரிக்கருக்கு இப்படி ஒரு ஆள் வாய்த்ததில்லை போலிருக்கிறது. மூடி வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் போன இடமெல்லாம் தோற்றோம். எதிரிகள் அவன் கத்தலைக் கேட்டதும் பின்பக்கமாகச் சுற்றிவந்து, அந்தப் பக்கம் எனக்காகக் காத்திருப்பார்கள். தோல்வி பழகிவிட்டது. பிரின்சிபாலுக்குத்தான் பழகவில்லை. ஒருநாள் மைதானத்துக்கே வந்தார். "இந்த இடத்துல சைக்கிள் ஸ்டாண்டு போடலாம்னு இருக்கேன். அடுத்த வாரம் மெட்ராஸ் காலேஜ் இங்க ஆட வருதில்ல? ஜெயிச்சா கிரவுண்டை வச்சுக்குங்க. தோத்தா அன்னிக்கே கம்பத்தைப் பிடுங்கிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கட்டை கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். நான் பக்கத்தில் போனபோது அவன் கண் கலங்கியிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"தேரு வருசத்துக்கு ஒரு நாளுபா" என்றான். "மத்த நாள்ல நான் இன்னாத்துக்கு இருக்கேன்னு எனக்கே தெரியாது. இந்தக் கம்பத்தை நட்டதுக்கு அப்பாலதான் காலைல எழுந்துக்கவே புடிக்குது. இதைப் போயி புடுங்கறேன்றாரே."

ஆறுதலாக என்ன சொல்வதென்று தெரியாமல், "நீ வாயை மூடிக்கினு நின்னா ஜெயிக்கலாம்டா" என்றேன். "அது மட்டும் ஆகாதுபா" என்றான்.

மெட்ராஸ்காரர்கள் வந்தார்கள். வெள்ளை வெளேரென்று பனியன், வெள்ளை பூட்ஸ். என்னைக் காவல் காக்க வந்தவன் அவர்கள் கேப்டன், ஆறடிக்கு மேல் ஒரு நெட்டையன். எங்கள் பக்கம் தறியை விட்டு எழுந்துவந்த தெரு ஜனம் முழுக்க நின்றது. பிரின்சிபால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் கடப்பாரையோடு ஒருத்தன் நின்றிருந்தான். இந்த முன்யோசனையை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

"கட்டை போடறேன், விலகுங்க!"

நெட்டையனுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைத் துரத்திவந்த வேகத்தில் கட்டைமேல் மோதித் தரையில் உட்கார்ந்தான். எழுந்தபோது அவன் வெள்ளைப் பனியனில் கட்டையின் மார்பு அளவுக்கு அரக்குச் சாயம் அச்சாகியிருந்தது. ரெஃபரி விசிலை வாயில் வைத்துவிட்டு எடுத்துவிட்டார். அசையாமல் நிற்பவன்மேல் ஃபவுல் கிடையாது. அதிலும் இவன் சொல்லிவிட்டு வேறு நிற்கிறான்.

"அதான் சொன்னேனேபா" என்று கட்டை வருத்தத்தோடு அவன் முதுகில் மண்ணைத் தட்டிவிட்டான்.

இன்னும் இரண்டு பேர் இப்படி அச்சு வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் அந்தக் குரல் கேட்டதுமே அவர்கள் உடம்பு தானாக ஒதுங்கிக்கொண்டது. சுற்றிவந்து என்னைப் பிடிக்கவும் கற்றுக்கொண்டார்கள். இடைவேளையில் நாங்கள் நன்றாகப் பின்தங்கியிருந்தோம். கடப்பாரைக்காரன் கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டான்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "ஏன்டா, தேர்ல கட்டையைப் போட்டுட்டு அங்கியே குந்திக்கினு இருப்பியா?" என்று கத்தினேன்.

"அதெப்படி? சக்கரம் திரும்பினதும் குதிச்சு வெளிய வரணும். முன்னால ஓடி அடுத்த கட்டைக்கு நிக்கணும்."

"எப்படிக் குதிப்பே? சக்கரத்துக்கு முதுகைக் காட்டிக்கினா?"

"முதுகு காட்டினா உசுரு போயிடும்பா. சக்கரத்தைப் பார்த்துக்கினேதான் சுழண்டு வரணும்."

பி.டி. சார் வாயிலிருந்த சோடா அப்படியே நின்றது. "டேய், அதுதான்டா ரோல்" என்றார். "பந்துதான் சக்கரம்னு வச்சுக்கோ."

"இதை மொதல்லயே சொல்றதுதானே சார்? நிக்கச் சொன்னீங்க, நின்னேன்" என்றான் கட்டை.

இடைவேளைக்குப் பிறகு நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, புல்லரிக்கவும் செய்கிறது. அந்தப் பெரிய உடம்பு நின்றது, நான் உரசிக்கொண்டு போனதும் பந்திலிருந்து கண்ணை எடுக்காமல் சுழன்றது, கூடையை நோக்கி ஓடியது. அவனுக்குக் காவலாக இருந்தவன் பதறி அவன் பின்னால் ஓடினான். எனக்கு வழி திறந்தது. போட்டேன். மறுபடியும் போட்டேன். தெரு ஜனம் வடம் பிடிக்கிற மாதிரி கூச்சல் போட்டது. பந்தை மட்டும் நான் அவனிடம் கொடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. "எனக்கு எதுக்குபா பந்து? கட்டைக்காரன் வடம் புடிக்க மாட்டான்" என்பது அவன் கட்சி.

கடைசியில் ஒரே ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். ஆட்டம் முடியப்போகிறது, ரெஃபரி கடிகாரத்தைப் பார்க்கிறார். "கட்டை போடறேன், விலகுங்க!" நான் ஓடினேன். இந்தத் தடவை அவர்கள் உஷார். நெட்டையனும் இன்னொருத்தனும் சேர்ந்து என்மேல் பாய்ந்துவிட்டார்கள். கூடை கண்ணுக்கே தெரியவில்லை. இரண்டு வெள்ளைப் பனியன்களுக்கு நடுவே, கூடைக்குக் கீழே, என்னையே பார்த்துக்கொண்டு கட்டை மட்டும் தெரிந்தான். பிள்ளையாரப்பா என்று பந்தை அவனிடம் எறிந்தேன்.

பிடித்துவிட்டான். பிடித்துவிட்டு, இதை என்ன செய்வது என்கிற மாதிரி என்னைப் பார்த்தான். அதற்குள் நெட்டையனும் மற்றவனும் திரும்பி ஓடி, அவனை மறித்துக் கையைத் தூக்கி நின்றுவிட்டார்கள். பி.டி. சார் கண்ணை மூடிக்கொண்டார்.

கட்டை வழக்கம்போலச் சொன்னான். மைதானமே அதிரும்படியான அந்தக் குரலில் சொன்னான்:

"போடறேன், விலகுங்க!"

விலகிவிட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டு பேரும் விலகிவிட்டார்கள். அன்றைக்கு முழுக்க அந்தக் குரல் ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை. சொன்ன இடத்தில் சுவர் வந்து நின்றது, நெஞ்சில் சாயம் ஏறியது. அவர்கள் மூளை யோசிப்பதற்கு முன்னால் கால் நகர்ந்துவிட்டது. கட்டை இரண்டு கையாலும் பந்தைக் கீழிருந்து மேலே தள்ளினான். பந்து பலகையில் பட்டு, வளையத்தில் சாவகாசமாக ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே விழுந்தது. ரெஃபரி விசில் ஊதினார்.

அவனைத் தோளில் தூக்கப் பார்த்தோம், முடியவில்லை. அவன் எங்களை விலக்கிக்கொண்டு நேரே கம்பத்திடம் போனான். தட்டிப் பார்த்தான். "நல்லாத்தான் நிக்குது" என்று சொல்லிவிட்டு, அதைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். பிரின்சிபால் எழுந்து, கடப்பாரைக்காரனிடம், "போப்பா, போய் செடிக்குப் பாத்தி கட்டு" என்றார். நெட்டையன் வந்து கட்டையின் கையைப் பிடித்துக் குலுக்கினான். "எங்களை நிறையப் பேர் இடிச்சிருக்காங்க. சொல்லிட்டு இடிச்சது நீ ஒருத்தன்தாம்பா" என்றான். சாயம் போவதற்கு என்ன செய்ய வேண்டும் என்றும் கேட்டான். எங்கள் பனியனில்தான் நிற்காது, அடுத்தவன் பனியனில் ஏறினால் போகாது என்று உள்ளதைச் சொன்னோம்.

நான் வேலை கிடைத்து வெளியூர் போனேன், வயதாயிற்று, முட்டி தேய்ந்தது. இந்தப் பங்குனிக்கு ஊருக்குப் போயிருந்தேன். ராஜ வீதி முனையில் நல்ல கூட்டம். தேர் அசைந்து வந்துகொண்டிருந்தது. சக்கரத்துப் பக்கமிருந்து, கொஞ்சம் கரகரத்துப்போன அதே குரல் கேட்டது:

"கட்டை போடறேன், விலகுங்க!"

கூட்டம் முழுக்கப் பின்னால் ஒதுங்கியது. எனக்கு மட்டும் கால் அந்தக் குரலின் பக்கமாக நகர்ந்தது. போலீஸ்காரர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "ஏம் பெரியவரே, காது கேக்கலையா? விலகச் சொல்றாங்க இல்ல?"

கேட்டது ஐயா. அந்தக் குரல் கேட்டால் அதை உரசிக்கொண்டு ஓடித்தான் எனக்குப் பழக்கம்.