கண்டெடுத்தால் திருப்பித் தரவும்

"அப்பா, நான் தொலைஞ்சு போனா என்னை யாரு கண்டுபிடிப்பா?"

மகள் இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. வேறொரு அப்பாவாக இருந்தால், "நான்தான் கண்ணு" என்று சொல்லித் தூக்கி வைத்துக்கொண்டு விஷயத்தை அங்கேயே முடித்திருப்பார். ஆனால் கேள்வி போய்ச் சேர்ந்ததோ ரயில் சந்திப்பின் தொலைந்த பொருள் பிரிவுக் கண்காணிப்பாளரிடம். அவர் பேனாவை மூடினார். கண்ணாடியைத் துடைத்தார். "அதுக்குன்னு ஒரு முறை இருக்கும்மா" என்றார். பிள்ளை வளர்ப்பில் மனித குலம் கண்ட முன்னேற்றம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்திலிருந்து தொடங்குகிறது என்பது அவருடைய கருத்து. நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

கடைசி நடைமேடையின் கோடியில் அவருடைய அறை. நானூற்றுப் பன்னிரண்டு குடைகள், ஏழு பல்செட்டுகள், ஒற்றைச் செருப்புகள் ஒரு கோணி, ஊன்றுகோல் ஒன்று. ஊன்றுகோலை விட்டுவிட்டு அதன் சொந்தக்காரர் எப்படி நடந்து போனார் என்று யாரும் விசாரிக்கவில்லை. படிவத்தில் அந்தக் கேள்வி இல்லை. எந்தப் பொருளுக்கும் முதலில் சீட்டு, பிறகுதான் அலமாரி. அதனால் சக ஊழியர்கள் அவருக்குச் 'சீட்டு' என்றே பெயர் வைத்திருந்தார்கள். இருபத்து மூன்று வருடத்தில் ஒரு பொருளும் தவறான ஆளிடம் போனதில்லை. சரியான ஆளிடமும் அதிகம் போனதில்லை. ஆனால் அந்தக் கணக்கை மேலிடம் கேட்பதில்லை.

மகளுக்கு எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில் கல்லூரி கிடைத்தது. அன்று மாலையே 'கல்லூரி புகு மாணவி ஆதரவுக் குழு' அமைந்தது. தலைவர் அவர். செயலாளரும் அவர். உறுப்பினர், மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் மனைவி. சிறப்பு அழைப்பாளர், காப்பீட்டு முகவரான மைத்துனர். மகளுக்கு அழைப்பு இல்லை. யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவரையே எதிரில் உட்கார வைத்துக்கொண்டு சுதந்திரமாகப் பேச முடியாதல்லவா?

முதல் கூட்டத்தில் மூன்று தீர்மானங்கள் நிறைவேறின. ஒன்று, மகளின் உடைமைகள் அறுபத்து நான்குக்கும் சீட்டுத் தைக்கப்படும். இரண்டு, காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் மகள் கைப்பேசியில் நிலவர அறிக்கை அனுப்ப வேண்டும். அவளுக்குச் சிரமம் வைக்கக் கூடாது என்று அப்பாவே மூன்று கட்டங்கள் போட்டுக் கொடுத்தார்: 'நலம்', 'மிக நலம்', 'சிறப்பு'. தொட்டால் போதும். மூன்று, அடுத்தடுத்து இரண்டு வேளை அறிக்கை வராவிட்டால் மாணவி 'திரும்பப் பெறப்பட்டு' உள்ளூர்க் கல்லூரியில் சேர்க்கப்படுவார்.

"காய்ச்சல், தலைவலின்னு வந்தா எந்தக் கட்டத்தைத் தொடுவா?" என்று மனைவி கேட்டாள்.

"அது அடுத்த கூட்டத்துல" என்றார் தலைவர். அடுத்த கூட்டம் முழுவதும் மைத்துனர் பேசினார்.

பிறகு வாசித்துக் காட்டியபோது, மூன்றாவது தீர்மானத்தைக் கேட்டு மகள் வெளுத்துப்போனாள். அந்தக் கல்லூரிக்காக அவள் இரண்டு வருடம் கண் சிவக்கப் படித்திருந்தாள். தலையாட்டினாள். அது 'ஏகமனதாக ஏற்கப்பட்டது' என்று குறிப்பேட்டில் ஏறியது.

இப்படியாக, பல் தேய்க்கும் பிரஷ் முதல் சட்டைக் காலர் வரை 'கண்டெடுத்தால் திருப்பித் தரவும்' என்ற சீட்டோடு மகள் விடுதியில் போய் இறங்கினாள். முதல் நாள் மத்தியானத்துக்குள் விடுதி முழுக்க அவளுக்குப் 'பார்சல்' என்று பெயர். அவள் எந்தப் பக்கம் திரும்பினாலும் பின்னாலிருந்து ஒருத்தி காலரைப் பிடித்துப் படிப்பாள். ஒரு கூட்டம் சிரிக்கும். அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு 'மிக நலம்' கட்டத்தைத் தொடுவாள்.

அறிக்கைகளைக் கண்காணிப்பாளர் வாரா வாரம் அட்டவணையாக்கினார். அலுவலக அறிவிப்புப் பலகையிலும் ஒரு பிரதி ஒட்டினார், மற்ற பெற்றோர்களும் கடைத்தேறட்டுமே என்று. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து நிமிடம் தொலைபேசிப் பேச்சு. அதில் எட்டு நிமிடம் மைத்துனர் எதிர்காலம் குறித்து உரையாற்றுவார்.

ஒன்பதாவது வாரம்தான் பொற்காலம். அதுவரை ஐந்து நிமிடம், பத்து நிமிடம் பிந்தி வந்துகொண்டிருந்த அறிக்கைகள், அந்த வாரம் ஐந்து நாள் மணி அடித்தாற்போல் வந்தன. எல்லாம் 'நலம்', 'நலம்', 'நலம்'. இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் அறைத்தோழி போனை எடுத்து, அவள் நூலகத்தில் இருக்கிறாள் என்றாள். "பார்த்தீங்களா மாமா? முறை வேலை செய்யுது" என்று மைத்துனர் கைகுலுக்கினார். குழு தன்னைத்தானே பாராட்டி ஒரு தீர்மானம் போட்டது.

விடுமுறைக்கு வந்த மகள் பாதியாக இளைத்திருந்தாள். அப்பா அந்த ஒன்பதாவது வார அட்டவணையை எடுத்து அவள் முன்னால் விரித்தார்.

"இதைப் பாரும்மா. இதுமாதிரி இருந்தா எங்களுக்கு என்ன கவலை?"

மகள் தேதிகளைப் பார்த்தாள். "இது நான் அனுப்பினது இல்லப்பா."

"பின்னே?"

"எனக்கு அப்போ நூத்து மூணு டிகிரி. கண்ணே திறக்க முடியல. ரெண்டு வேளை அறிக்கை வரலைன்னா கூட்டிட்டு வந்துடுவீங்களேன்னு பயம். என் ரூம்மேட்தான் அஞ்சு நாளும் கட்டத்தைத் தொட்டா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா, கஞ்சி வாங்கி ஊட்டினா, பக்கத்துலயே உக்காந்திருந்தா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று அம்மா பதறினாள்.

"எந்தக் கட்டத்துலம்மா சொல்றது?"

அம்மா கணவர் பக்கம் திரும்பினாள். "வார்டுல நாங்க எங்க வலிக்குதுன்னுதான் கேப்போம். நலமா, மிக நலமான்னு கேக்கறதில்ல" என்றாள். பிறகு, தானும் அந்தக் குழுவில் உறுப்பினர் என்பது ஞாபகம் வந்தாற்போல் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சின்ன வயசுல உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன், ஞாபகம் இருக்காப்பா?" என்றாள் மகள். "நான் தொலைஞ்சுதான் போனேன். கண்டுபிடிச்சது அவ."

கண்காணிப்பாளர் பேனாவைத் திறந்தார். அந்தப் பெண்ணின் பெற்றோருக்குக் குழுவின் சார்பில் ஒரு நன்றிக் கடிதம் அனுப்பலாமே என்றார்.

"அவளுக்கு யாரும் இல்லப்பா. அம்மாவோட சால்வை ஒண்ணு இருந்துச்சு. சேர வர்றப்போ நம்ம ஸ்டேஷன்ல ரயில் மாறியிருக்கா, அங்க விட்டுட்டா. எழுதிக் கேட்டிருக்கா. வந்த பதிலை எங்க ரூம் சுவத்துல ஒட்டி வெச்சிருக்கோம், சிரிக்கறதுக்கு."

கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். 'விண்ணப்பதாரர் பதினெட்டு வயது நிரம்பாதவராதலால், பெற்றோரின் ஆதரவு இல்லாத இவ்விண்ணப்பம் பரிசீலிக்கப்பட மாட்டாது.' கீழே, வால் நீண்டு சுழிக்கும் ஒரு கையெழுத்து.

"இது யாரு கையெழுத்துன்னு அவகிட்ட நான் சொல்லல" என்றாள் மகள். "சொல்ல முடியலப்பா."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அலுவலகத்துக்கு விடுமுறை. கண்காணிப்பாளர் தனியாகப் போய்ப் பூட்டைத் திறந்தார். மூன்றாவது அலமாரி, கீழ்த்தட்டு. பழுப்புச் சால்வை, ஓரத்தில் இழை ஓட்டித் தைத்தது. கோப்பில் அந்தப் பெண்ணின் கடிதம் இருந்தது. போன தடவை அதில் வயதை மட்டும் படித்துவிட்டு மூடிவிட்டார். இப்போது கடைசி வரி வரை போனார். 'அம்மா இல்லை. கூட்டிக்கொண்டு வர ஆள் இல்லை. நான் மட்டும் வரலாமா ஐயா?'

அவர் புதிய படிவம் ஒன்றை எடுத்தார். 'பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பம்' என்ற இடத்தில், வால் நீண்டு சுழிக்கும் அதே கையெழுத்தைப் போட்டார். அவருடைய வேலைக் காலத்தின் முதல் முறைகேடு அது. சால்வையிலிருந்து சீட்டை வெட்டி எடுத்தார். மடித்துக் கட்டி, விடுதி முகவரியை எழுதினார். அனுப்புநர் என்ற இடத்தில், வாழ்நாளில் முதல் தடவையாக, ஒன்றும் எழுதவில்லை. நடைமேடையில் யாரும் இல்லை. பார்த்தவர் மேலே ஒருவர்தான். அவர் யாரிடமும் அறிக்கை கேட்டு வாங்கும் பழக்கமில்லாதவர்.

கல்லூரி புகும் பிள்ளைக்குப் பெற்றோர் தர வேண்டிய ஆதரவு பற்றி அந்தக் குழு பதினோரு கூட்டம் போட்டிருக்கிறது, இருபத்தாறு தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. ஆனால் இத்தனை நாளில் கல்லூரி புகுந்த ஒரு பிள்ளைக்கு உண்மையாகவே உதவியது இந்த ஒரு பொட்டலம்தான். அந்தப் பிள்ளையும் அவருடையதல்ல.