கடல் நிச்சயம் உண்டு

செங்கல்பட்டில் பிறந்து வளர்ந்தும் 'முடியாது பாய்' என்று ஊர் கூப்பிடும் வேன்காரரிடம் ஒரு தடவைகூட 'முடியாது' என்று வாங்கிக் கட்டிக்கொள்ளாத மனிதர் ஒருவர் இருந்தார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தாசில்தார் வாங்கியிருக்கிறார். இன்ஸ்பெக்டர் வாங்கியிருக்கிறார். பள்ளிவாசல் தலைவர் வாரத்துக்கு ஒன்று வாங்குவார். பாயின் மனைவி ரஹ்மத்தக்கா நிக்காஹ் நடந்த அன்றே முதலாவதை வாங்கிவிட்டதாகச் சொல்வார்.

பாயின் நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. வேன் பர்மிட்டில் இருந்தது. அதன்மேல் கிரீஸ் கொட்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே புளியமரத்தடியில் நிற்கும் அந்த வேன் பாதி நீலம், பாதி பச்சை. நீலம் அடிக்கும்போது பாதியில் பெயின்ட் தீர்ந்துவிட்டது. கடைக்காரர், "இன்னொரு டப்பா வாங்கித்தான் ஆவணும் பாய்" என்றாராம். 'ஆவணும்' என்ற சொல் பாய்க்கு ஆகாது. அடுத்த கடைக்குப் போனார். அங்கே பச்சைதான் இருந்தது.

வேனில் அவரைத் தவிரப் பன்னிரண்டு இடம். பதின்மூன்றாவது ஆளை ஏற்ற மாட்டார். மற்ற வேன்களில் இருபது பேர் அடைந்துகொண்டு போக, கூரைமேல் இரண்டு பேர் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு வருகிற காலம் அது. ஒரு முகூர்த்த நாளில் கல்யாணக் கோஷ்டி ஒன்று ஏறியது. பாய் எண்ணினார். கடைசியாக ஏறிய பதின்மூன்றாவது ஆள் மாப்பிள்ளை.

"எறங்கு நைனா."

"யோவ், நான்தான்யா மாப்ள!"

"அதான் பன்னண்டு பேரு போறாங்கல்ல, அவங்க பாத்துக்குவாங்க."

கடைசியில் மாப்பிள்ளையின் தாய்மாமன் இறங்கினார். பல வருஷம் அவர் அந்தக் குடும்பத்தோடு பேசவில்லை என்று கேள்வி.

ஹாரன் விஷயமும் அப்படித்தான். எருமைக்கு மட்டும்தான் அடிப்பார். "மனுசனுக்குக் கண்ணு கீது, காது கீது. எருமைக்கு இன்னா கீது, பாவம்" என்பார். யாராவது நடுரோட்டில் நின்று கதை பேசினால், அவர்களாகப் பார்த்து நகரும்வரை வண்டியை நிறுத்திவிட்டு பீடி பற்றவைத்துக்கொள்வார்.

இப்படிப்பட்டவரிடம் நான் வேலைக்குச் சேர்ந்தேன். எழுபதுகளின் நடுவில் ஒரு கோடைக்காலம். எனக்கு வயது இருபத்திரண்டு. எழுத்தாளராகிவிட்டதாக என் எண்ணம். அந்த எண்ணத்தில் எந்தப் பத்திரிகையும் என்னோடு சேரவில்லை. அனுப்பிய கதைகள் எல்லாம் மாமியார் வீட்டிலிருந்து திரும்பும் பெண்ணைப்போல வாசலுக்கு வந்துகொண்டிருந்தன. பிழைப்புக்கு, நெல் அரவை மில் முதலாளி ஒருவருடைய அச்சகத்தில் புரூஃப் திருத்திக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகையில் மணமகளின் பெயரும் மணமகனின் பெயரும் இடம் மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் என் இலக்கியப் பணி.

அங்கேதான் பாய் நோட்டீஸ் அடிக்க வந்தார். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், ஒரு நாள் கோடைச் சுற்றுலா. அவர் எழுதித் தந்தது மொட்டையாக இருந்ததால், 'கழுகு தரிசனம் நிச்சயம்' என்று நானே ஒரு வரி சேர்த்தேன். திருக்கழுக்குன்றத்து மலைமேல் உச்சிவேளையில் கழுகு வந்து பண்டாரத்தின் கையால் சாப்பிட்டுவிட்டுப் போகும். அதைப் பார்க்கத்தான் பாதி ஜனம் வரும்.

மறுநாள் புரூஃபோடு வந்து நின்றார்.

"இத்த யாரு எழுதனது?"

"நான்தான்."

"நிச்சயம்னு கழுகு உன்னாண்ட சொல்லிச்சா?"

"தினமும் வருதே பாய்..."

"அது கழுகோட இஷ்டம்மா. நாளைக்கு அதுக்கு இன்னா வேலையோ! எடு அத்த."

எனக்குக் கோபம். 'கழுகு வந்தால் பார்க்கலாம்' என்று வேண்டுமென்றே மாற்றினேன். அதோடு விடாமல், அதற்குக் கீழே 'கடல் நிச்சயம் உண்டு' என்றும் போட்டேன். கேலி புரிந்து சண்டைக்கு வருவார் என்று பார்த்தால், இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, "இதான் கரெக்டு" என்றார். அப்படியே அச்சாகி ஊரெல்லாம் ஒட்டப்பட்டது. ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்தவர்கள் எல்லாரும் சீட்டுப் பதிவு செய்தார்கள்.

அடுத்த வாரம் என் வேலை போயிற்று. மில் முதலாளி தன் மணிவிழாவுக்குத் தானே ஒரு வாழ்த்துப்பா எழுதினார். எட்டாவது வரியில் 'வாழ்க' என்பது 'வாள்க' ஆகியிருந்தது. திருத்தினேன். "என் கவிதையிலேயே கை வைக்கிறியா?" என்று அவர் கத்தினார். தப்பு தப்புதானே என்றேன். மத்தியானமே டிபன் பாக்ஸோடு வெளியே வந்துவிட்டேன்.

புளியமரத்தடியில் பாய் கூப்பிட்டார். "இன்னா, தூக்கிட்டானா? வேன்ல வந்து பேசறியா? செலயப் பாத்துட்டு, யாரு செஞ்சான், எதுக்கு செஞ்சான்னு ஜனங்க என் உசுர எடுக்குது. எனக்கு கல்லுன்ற வரைக்கும்தான் தெரியும்."

"எனக்கும் எல்லாம் தெரியாதே."

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. வாய்லதான கேக்கறாங்க, கத்தியா வச்சிருக்காங்க?"

பெண் பிள்ளை வேனில் கைடு வேலைக்குப் போவதா என்று அப்பா தயங்கினார். ஊர் என்ன சொல்லும் என்றார். வீட்டு வாசலில் நின்றிருந்த பாய், "ஊரு இன்னா சொல்லும்னு ஊரக் கேளு சார், என்னக் கேட்டா?" என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

பாய் என்னை எல்லாரிடமும் "நம்ம ரைட்டரம்மா" என்று அறிமுகப்படுத்துவார். போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் என்று நினைத்துக்கொண்டு ஒரு ஆள் ஓடும் வண்டியிலிருந்து இறங்கப் பார்த்திருக்கிறார். மற்றபடி வேலை நன்றாகவே போயிற்று. மாமல்லபுரத்தில் பெரிய பாறைச் சிற்பத்தின்முன் நின்று, "இதை அர்ஜுனன் தவம் என்கிறார்கள், பகீரதன் தவம் என்றும் சொல்கிறார்கள். எது சரி என்று எனக்குத் தெரியாது" என்பேன். உடனே கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடும். தவம் செய்கிற பூனையை மட்டும் நான் காட்டுவேன். அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததில்லை.

மே மாதத்தில் ஒரு நாள், என்னை வேலையைவிட்டுத் தூக்கிய அதே முதலாளியின் மில் களத்தில் நெல் காயப்போடும் காசியம்மா வந்தாள். நாற்பது வயது இருக்கும். வெயிலில் நின்று நின்று கறுத்த முகம். கையில் எங்கள் நோட்டீஸ்.

"கடலு நிச்சயம்னு போட்டு கீதாமே. நெசமா?"

"நெசந்தான்" என்றார் பாய். "அது எங்கியும் போவாது."

"நாங்க பதினோரு பொம்பளைங்க. இங்கியே பொறந்து இங்கியே நெல்லுத் தள்றோம். ஒருத்தியும் பாத்ததில்ல."

முப்பது கிலோமீட்டர்கூட இல்லாத கடலை அவர்கள் பார்த்ததில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. அவர்கள் பதினொன்று, நான் ஒன்று. பன்னிரண்டு.

சனிக்கிழமை மில்லிலிருந்து ஆள் வந்தான். முதலாளியின் சம்பந்தி வீட்டார் மெட்ராஸிலிருந்து வருகிறார்களாம். கார் ரிப்பேராம். ஞாயிற்றுக்கிழமை வேன் வேண்டுமாம்.

"முடியாது" என்றார் பாய், டயரிலிருந்து தலையைத் தூக்காமலே.

"யாருக்குச் சொல்றேன்னு தெரியுதா?"

"நீ கேட்ட, நான் ஒனக்குச் சொன்னேன். நீ போய் அவருக்குச் சொல்லு."

ஞாயிறு காலை முதலாளியே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சிவந்த முகம். வேனுக்குள் பெண்கள் துவைத்து மடித்து வைத்திருந்த சேலையைக் கட்டிக்கொண்டு, மடியில் புளிச்சோற்றுத் தூக்கோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"எறங்குங்கடி எல்லாரும்! நாளைக்குக் களத்துல வேலை வேணுமா, வேணாமா?"

ஒருத்தி தூக்கை எடுத்துக்கொண்டு பாதி எழுந்தாள். காசியம்மா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"நாளிக்கு வேலை இல்லாங்காட்டி போவுது மொதலாளி. இன்னிக்குக் கடல் கீது" என்றாள்.

முதலாளி வண்டியின் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாய் எஞ்சினை அணைத்துவிட்டு பீடியை எடுத்தார்.

"ஹாரன் அடிங்க பாய்" என்றேன்.

"முடியாது. அவுரு எருமை இல்லியே."

பஸ் ஸ்டாண்டே சிரித்தது. அதில்தான் முதலாளிக்கு வெறி ஏறிவிட்டது. தடதடவென்று வேனுக்குள் ஏறி, படிக்குப் பக்கத்தில் ஒரு இடுக்கில் உட்கார்ந்தார். "பதிமூணாவது ஆள ஏத்த மாட்டியாமே. நான் எறங்க மாட்டேன். எப்படி வண்டி போவுதுன்னு பாக்கறேன்!"

பாய் எண்ணினார். மறுபடி எண்ணினார். முகம் தொங்கிவிட்டது. "பதிமூணு" என்று முணுமுணுத்தார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே தவிர, போடவில்லை.

"இன்னிக்கு ஒரு நாள் விடுங்க பாய்! பதிமூணு பேரோட போனா என்ன?" என்று கத்தினேன்.

"முடியாது ரைட்டரம்மா" என்றார். அழுதுவிடுவார்போல இருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் இன்னது செய்கிறேன் என்று தெரியாமல் எழுந்தேன். கதவைத் திறந்துகொண்டு கீழே குதித்தேன். "இப்ப எண்ணுங்க!"

பாய் திரும்பிப் பார்த்தார். எண்ணினார். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. "பன்னண்டு!" என்றார். வேன் உறுமிக்கொண்டு பாய்ந்தது. உள்ளே முதலாளி "நிறுத்துடா! நிறுத்து!" என்று அலறியது புழுதிக்குள் தேய்ந்துபோயிற்று.

நான் பின்னாலேயே பஸ் பிடித்துத் திருக்கழுக்குன்றத்தில் இறங்கினேன். வேன் எனக்காக நின்றுகொண்டிருந்தது. முதலாளி எதிர்ப்பக்கம் வெயிலில், திரும்பிப் போகிற பஸ்ஸுக்குக் காத்திருந்தார். வழியில் நடந்ததைக் காசியம்மா சொன்னாள். கத்திக் கத்தி ஓய்ந்தவரிடம் அவள் மெதுவாக ஒன்று கேட்டாளாம்: "நாளிக்கு நாங்க பதினோரு பேரும் வராங்காட்டி, அவிச்ச நெல்லு இன்னா ஆவும் மொதலாளி?" காயாத அவிச்ச நெல் ஒரே நாளில் நாறிப்போகும். அது அவருக்குத் தெரியாதா? திருக்கழுக்குன்றம் வந்ததும் அவராகவே இறங்கிக்கொண்டாராம்.

என்னைக் கண்டதும் முதலாளி திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில், "அந்த எட்டாவது வரி... நிஜமாவே தப்பா?" என்றார்.

"தப்புதாங்க. சிறப்பு ழகரம் போடணும்."

"யாருமே சொல்லலியே" என்றார், பாவமாக.

உச்சிவேளைவரை காத்திருந்து கழுகு பார்க்கலாமா என்று பெண்களைக் கேட்டேன். "கழுகு கெடக்குது, வுடும்மா" என்றார்கள் பதினோரு பேரும்.

மாமல்லபுரத்தில் மணல்மேடு ஏறியதும் கடல் தெரிந்தது. காசியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் கடலைப் பார்த்துச் சத்தம் போட ஆரம்பித்தாள்.

"எம்மாந் தண்ணி! எம்மாந் தண்ணி! இத்தினி தண்ணிய வச்சிகினு, எங்க ஊரு ஏரியக் காயவுட்டுகினு இங்க ஆட்டமா ஆடிகினு கீற?"

திட்டிக்கொண்டே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே இறங்கினாள். பாயை வரச் சொன்னார்கள். 'முடியாது' என்று அவர் வாயைத் திறப்பதற்குள் பதினோரு பேரும் சேர்ந்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். முதல் அலையிலேயே தொப்பி போயிற்று. நெல் மூட்டை புரட்டும் கைகளிடம் பாயின் வீறாப்பு ஒன்றும் பலிக்கவில்லை.

திங்கட்கிழமை பதினோரு பேரும் களத்துக்குப் போனார்கள். முதலாளி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அந்த மாதம் முழுவதும் வேனை யார் யாரோ அதிகாரிகள் வழியில் மறித்தார்கள். ஒவ்வொரு தடவையும் எண்ணினார்கள். பன்னிரண்டுக்குமேல் ஒரு குழந்தைகூட அகப்படவில்லை.

ஜூன் கடைசியில் மெட்ராஸில் ஒரு வாரப் பத்திரிகையில் எனக்கு வேலை கிடைத்தது. ரயிலடிக்கு நானே கொண்டுவிடுகிறேன் என்றார் பாய். ஐந்து நிமிஷ வழி. ரஹ்மத்தக்காவிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று தன் வீட்டுப் பக்கம் திருப்பினார். டீ என்றார். டயரில் காற்று பார்க்க வேண்டும் என்றார். நாங்கள் பிளாட்பாரத்துக்குள் நுழையும்போது ரயிலின் கடைசிப் பெட்டி போய்க்கொண்டிருந்தது. அடுத்த ரயிலுக்கு ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. ஏரிக் காற்று வீசிக்கொண்டிருந்த பெஞ்சில், வேர்க்கடலைப் பொட்டலத்தை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

"வேணும்னேதானே லேட் பண்ணீங்க?"

பாய் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு, "ஒரு ரயிலு போனா இன்னா இப்போ? கடல தின்னு" என்றார்.

அடுத்த ரயிலும் தாமதமாக வரவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.